டீச்சர் தப்பு

ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். என் தொண்டையும் இதுவரை நலம். நீயும் உன் முதுகும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால், அப்பாவின் இருமல் பற்றி மறக்காமல் எழுது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், என் வண்டவாளமெல்லாம் தண்டவாளம் ஏறிவிடும். போன வருடம் கற்பித்தல் பயிற்சியில் நான் பெயிலானது வீட்டில் உனக்கு மட்டும்தான் தெரியும். ஆசிரியர் படிப்பு என்றாலே இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள் என்று அம்மாவும் அப்பாவும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை கிடைத்திருக்கிறது. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் என் கட்டில் லேசாக ஆடும். பள்ளியில் எனக்கு ஏழாம் வகுப்பு அறிவியல், நாற்பத்தொரு பிள்ளைகள். ஆய்வகம் என்று ஒரு அலமாரி இருக்கிறது. அதில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று எதில் வைத்தாலும் முப்பத்தேழு காட்டும்.

என்னை மேற்பார்வை பார்க்கும் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்கேல் மேடம். யார் தப்பு செய்தாலும் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையால் அடிக்கோடு போடுவாராம். அவர் மூன்று முறை என் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து மதிப்பிடுவார். மூன்றாவது முறை கல்லூரியிலிருந்து தேர்வாளரும் வருவார். அவர் சொல்வதுதான் முடிவு. இந்தத் தடவையும் போனால் இன்னொரு வாய்ப்பு கிடையாது, மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். எனக்கு வேறு எந்த வேலையும் பிடிக்காது தம்பி, உனக்கே தெரியும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அக்கா

ஜூன் 20

வாத்தியாரம்மா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு வேலை செய்யும்போது முழங்கால் வலிப்பதில்லை. வேலை செய்யாதே என்று சொன்னால்தான் வலிக்கிறது. அப்பாவின் இருமல் விளம்பர இடைவேளையில் மட்டும் வருகிறது. என் முதுகு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஐஸ் பிளான்ட்டில் இப்போது மூச்சுவிட நேரமில்லை. ஒரு பாளம் ஐம்பது கிலோ. கொக்கி போட்டு இழுத்து வண்டியில் ஏற்றுவது என் வேலை. உன் நாற்பத்தொரு பேரைவிட என் பாளங்கள் தேவலை. இழுத்த இழுப்புக்கு வரும், எதிர்க்கேள்வி கேட்காது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வருடம் நீ புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்ததாகச் சொன்னாய். எனக்கு அறிவியல் நடத்தியவரும் அப்படித்தான். அவர் முகம் எனக்கு இன்று வரை ஞாபகம் இல்லை. நீ முகத்தைக் காட்டு. சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் முகத்தைத் தினமும் பார்த்து வளர்ந்த தம்பி

ஜூலை 3

மகா பாவி தம்பிக்கு,

உடம்பு சுகம், மானம்தான் போய்விட்டது. உன்னால்தான்.

நேற்று முதல் மதிப்பீடு. ஸ்கேல் மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீ சொன்னபடி புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு முகத்தைக் காட்டினேன். குரல் நடுங்கவே இல்லை. பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "பனிக்கட்டி கரைந்து நீராகிறது."

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். அவளுக்கு வகுப்பு வைத்த பெயரே சந்தேகம். எழுந்து நின்றாள்.

"டீச்சர், சர்க்கரைதானே கரையும்? ஐஸ் உருகும்னுதானே புத்தகத்துல இருக்கு?"

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. தப்பை ஒத்துக்கொண்டு உட்கார வைத்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ரெண்டும் ஒண்ணுதான்மா" என்றேன்.

"அப்ப காக்காவும் கரையுதுன்னு தமிழ் சார் சொன்னாரே டீச்சர். அது எதுல கரையுது?"

நாற்பது பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஜன்னல் வழியாகப் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. மேடத்தின் ஸ்கேல் தாளில் ஓடும் சத்தம் எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது. மதிப்பீட்டுத் தாளில் ஒரே வரி: "அடிப்படைச் சொற்களில் தெளிவில்லை."

பிறந்ததிலிருந்து நம் வீட்டில் "ஐஸ் கரையுது, சீக்கிரம் வா" என்றுதானே கேட்டிருக்கிறேன்? முன்பு பிளான்ட்டில் வேலை பார்த்தபோது அப்பா சொன்னார், இப்போது நீ சொல்கிறாய். உங்கள் ஐஸ் பிளான்ட் என் வாய்க்குள் இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடாதே.

மூக்குடைந்த அக்கா

ஜூலை 10

அக்காவுக்கு,

அனைவரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்கு மட்டும் கொஞ்சம் விலா வலி.

உன் தப்பை பிளான்ட்டில் நியாயம் கேட்டேன். பதினான்கு பேரும் கரையுது என்றுதான் சொல்கிறார்கள். கரையுது என்று சொன்னாலும் உருகுது என்று சொன்னாலும் ஐஸ் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அங்கே மட்டும் சரியாக எழுதிவிட்டாய் பார்.

ஆனால் நீ எழுதியதிலிருந்து எனக்கும் ஒரு குடைச்சல். எங்கள் பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய டின்களை இறக்குவோம். டின்னில் உள்ள தண்ணீர் கல்லாகிவிடும். சுற்றி இருக்கும் உப்புத் தண்ணீர் மைனஸ் பத்திலும் தண்ணீராகவே இருக்கும். பன்னிரண்டு வருடமாக அதில் கை நனைக்கிறேன். உப்பு கரைந்த தண்ணீருக்கு மட்டும் ஏன் அந்தத் திமிர்? தொட்டியைக் குளிர வைக்கும் கம்ப்ரசரை ஓட்டுகிறவரிடம் கேட்டால், "உன் வேலை கொக்கி, அதைப் பாரு" என்கிறார்.

உன் சந்தேகத்திடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
தம்பி

ஜூலை 28

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமோ நலம். தலை கால் புரியாத சந்தோஷத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்தக் கூத்துக்கு மறுநாளே வகுப்பில் போய், "நேத்து நான் சொன்னது தப்பு. கரையறது வேற, உருகறது வேற. சமாளிச்சது அதைவிடப் பெரிய தப்பு" என்று சொல்லிவிட்டேன். பலகையின் வலது மூலையில் ஒரு பெட்டி வரைந்து, மேலே "டீச்சர் தப்பு" என்று எழுதினேன். என் தப்பை யார் கண்டுபிடித்தாலும் அதில் எழுதலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அன்றிலிருந்து நாற்பத்தொரு பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாடம் கேட்கிறார்கள். முதல் நாள் ராத்திரியே பாடத்தைப் படித்துக்கொண்டு வந்து எனக்காகக் காத்திருக்கிறார்கள். இதுவரை பெட்டியில் பதினொன்று. அதில் ஏழு உண்மையிலேயே தப்பு.

ஒரே ஒருத்தி மட்டும் இன்னும் இதில் சேரவில்லை. ஜன்னலோரம் உட்காரும் பெண். "உள்ளேன் டீச்சர்" தவிர அவள் வாயிலிருந்து ஒன்றும் கேட்டதில்லை.

உன் கேள்வியைக் கேட்டேன். "எங்க தம்பி ஐஸ் பிளான்ட்ல வேலை செய்யறார், அவருக்குப் பதில் வேணும்" என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. நொறுக்கிய ஐஸில் உப்பைக் கொட்டினோம். நல்ல தெர்மாமீட்டர் பூஜ்யம் தாண்டி மைனஸ் எட்டுக்கு இறங்கியது. நடுவில் செருகிய சோதனைக்குழாய்த் தண்ணீர் கட்டியாகிவிட்டது. ஆளுக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்க அடிதடி. பதில் இதுதான்: தண்ணீர்த் துகள்கள் ஒன்றோடு ஒன்று கைகோத்தால்தான் ஐஸ் ஆகும். உப்பு நடுவில் புகுந்து கைகோக்க விடாமல் செய்கிறது. அதனால் உறைவதற்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டும். இது சந்தேகம் சொன்ன விளக்கம், நான் கொஞ்சம் தட்டிக்கொட்டினேன்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் மேடம் இரண்டாவது மதிப்பீட்டுக்கு வந்தார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

நலம்தானே? மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. அம்மாவிடம் போனில் கேட்டால், "அவனா? வேலைக்குப் போறான், வர்றான்" என்கிறாள். அவள் குரலில் ஏதோ சிரிப்பு வேறு.

மேடம் விஷயத்தை எழுதாமல் தள்ளிப்போட்டேன், இன்று எழுதிவிடுகிறேன். இரண்டாவது மதிப்பீட்டில் "வகுப்புக் கட்டுப்பாடு போதாது" என்று எழுதிவிட்டார். அதோடு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தப் பெட்டியை அழிச்சுடும்மா. தேர்வாளர் வந்து பார்த்தா, தன் தப்பைத் தானே விளம்பரம் பண்ற ஆசிரியைன்னு எழுதிடுவார். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொல்வதும் நியாயம்தான். செப்டம்பர் 16 தேர்வாளர் வருகிறார். பெட்டி இருந்தால் நான் போவேன், பெட்டி போனால் அந்தப் பிள்ளைகள் பழையபடி கொட்டாவி விடுவார்கள். எதைச் செய்ய? போன வருடம் பெயிலான ராத்திரி மாதிரியே பயமாக இருக்கிறது.

பதில் போடு கல்லுளிமங்கா.

அக்கா

ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

பெட்டி விஷயத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளோடு படித்திருந்தால் நான் எட்டாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டேன். இது மட்டும் நிச்சயம்.

உன் உப்பு விளக்கத்தை பிளான்ட்டில் எல்லோருக்கும் சொன்னேன். கம்ப்ரசர்காரர் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மறைவெப்பம் என்றால் என்ன? சும்மா கேட்டேன். செல்சியஸைக் கெல்வினுக்கு எப்படி மாற்றுவது? இதுவும் சும்மாதான். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடுமா குறையுமா? ஒரு சிநேகிதன் கேட்டான். அப்புறம், பரீட்சை ஹாலில் உதட்டை அசைத்துப் படித்தால் வெளியே அனுப்பிவிடுவார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தம்பி

செப்டம்பர் 2

சும்மா தம்பிக்கு,

சுகம். ஒரே பக்கத்தில் மூன்று சும்மாவும் ஒரு சிநேகிதனும். இருக்கட்டும், நான் ஒன்றும் கேட்கவில்லை.

பதில்கள் தனித்தாளில் இருக்கின்றன. மறைவெப்பத்துக்கு உன் பாளத்தையே உதாரணமாக எழுதியிருக்கிறேன். பாளம் உருகி முடியும் வரை எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் பூஜ்யத்திலேயே நிற்கும். அந்த வெப்பமெல்லாம் உருக்குவதற்கே செலவாகிறது. கூடவே பயிற்சிக் கணக்கு இருபது. விடையை மடித்து ஒட்டியிருக்கிறேன், முதலிலேயே பிரித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

பரீட்சை ஹாலில் உதடு அசையலாம், சத்தம் வரக்கூடாது. உன் சிநேகிதனை இப்போதிருந்தே பழகச் சொல். விரலை வரிக்குக் கீழே வைத்து, வாயை இறுக்க மூடி, கண்ணால் மட்டும் படிக்கட்டும். முதல் வாரம் தலை வலிக்கும், பிறகு சரியாகிவிடும்.

வகுப்பில் பிள்ளைகள் உன்னை நாற்பத்திரண்டு என்றுதான் சொல்கிறார்கள்.

அக்கா

செப்டம்பர் 17

தம்பிக்கு,

உடம்பு நலம். மனசு என்ன நிலையில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் துடைப்பானை எடுத்துக்கொண்டு பெட்டி முன்னால் போய் நின்றேன். பின்னால் நாற்பத்தொரு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துடைப்பானைக் கீழே வைத்துவிட்டேன். அவர்கள் முன்னால் அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

தேர்வாளர் வந்தார். பெட்டியைப் பார்த்தார், போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாடம் நன்றாகவே போனது. முடிகிற நேரத்தில் அவரே எழுந்து, தட்டிலிருந்த ஐஸ் கட்டியைத் தூக்கிக் காட்டி, "இதோட எடை எத்தனை கிராம் இருக்கும், யாராவது சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஜன்னலோரப் பெண் எழுந்தாள். மூன்று மாதமாக வாயே திறக்காதவள்.

"சார், கிராம்ல சொன்னா அது நிறை. எடைன்னா நியூட்டன்ல சொல்லணும். நிலாவுக்குப் போனா எடை குறையும், நிறை குறையாது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், பெட்டியில எழுதலாமா? ஆனா இது உங்க தப்பு இல்லையே."

உட்காரும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பிழைப்பு தப்பும். ஆனால் முதல் தடவையாகத் திறந்த வாயை நானே எப்படி மூடுவேன்? சாக்பீஸை எடுத்துக் கொடுத்தேன். அவள் தலைப்புக்குப் பக்கத்தில் "சார் தப்பு" என்று இன்னொரு தலைப்பு போட்டு, அடியில் காரணத்தையும் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தேர்வாளர் முகம் சிவந்துவிட்டது. "இந்தப் பழக்கத்துக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்றார்.

பின்னாலிருந்து ஸ்கேல் மேடம் எழுந்தார். "நான்தான் சார்" என்றார். கண்ணை இமைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, பலகையை அழிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

தேர்வாளர் வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தம்பி, அந்தப் பெண் இன்று மூன்று கேள்வி கேட்டாள்.

அக்கா

செப்டம்பர் 30

அக்காவுக்கு,

அனைவரும் நலம். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பெயிலானாலும் நீ டீச்சர்தான், இதை எவனும் அழிக்க முடியாது.

நீதான் எப்போதோ மோப்பம் பிடித்துவிட்டாய், இனி மறைத்து என்ன? கம்ப்ரசர் ஓட்டும் லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதினேன். ஐம்பது வாங்கினால் போதும். அறுபத்தொன்று. உப்புத் தண்ணீர் ஏன் உறைவதில்லை என்று ஒரு கேள்வி வந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். உதடுகூட அசையவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கொக்கி கிடையாது.

வீட்டில் சொல்லவில்லை. முதலில் தோற்றால் அசிங்கம் என்று சொல்லவில்லை, இப்போது உன் முடிவு தெரியாமல் எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. வந்ததும் எனக்கு எழுது.

நாற்பத்திரண்டு

அக்டோபர் 11

என் செல்லத்துக்கு அம்மா எழுதறது.

நானும் அப்பாவும் சுகம். எனக்கு எழுத்து நடையெல்லாம் வராது, பேசற மாதிரியேதான் எழுதுவேன்.

நீ போன வருஷம் பெயிலானது எங்களுக்கு ஜூன் மாசமே தெரியும். உன் தம்பி சத்தம் போட்டுப் படிச்சாத்தான் அவனுக்கு எழுத்து மண்டையில ஏறும், அதை நீ மறந்துட்டே. கதவைச் சாத்திக்கிட்டு ரகசியமா படிக்கறதா அவனுக்கு நினைப்பு. சமையல்கட்டுல எனக்கு ஒரு எழுத்து விடாம கேக்கும். உன் கடிதம் வந்தாலே அப்பா டிவி சத்தத்தைக் குறைச்சுடுவார். முதல் கடிதம் கேட்டன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல. பிள்ளை தனியா கெடந்து என்ன பாடுபட்டுச்சோன்னு அழுதேன். அப்புறம் அந்தக் காக்கா சமாச்சாரத்துல நானும் அப்பாவும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம். அதுக்கப்புறம் தபால்காரர் வர்ற நேரத்துக்கு நான்தான் வாசல்ல நின்னேன்.

மேடம் பெட்டியை அழிக்கச் சொன்னாங்கன்னு ஒரு கடிதம் வந்துச்சு பாரு, அதோட சரி. அடுத்ததை பிளான்ட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டான், அதுக்கப்புறம் இவனுக்கு என்ன வந்துச்சோ தெரியல. வாயை இறுக்கி மூடிக்கிட்டு, விரலை வெச்சு, சத்தமே இல்லாம படிக்கிறான். எனக்கு ஒரு எழுத்தும் கேக்கல. அழிச்சியா, விட்டியா? அந்தத் தேர்வாளர் வந்தாரா?

போன வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்துச்சு. நின்ன இடத்துலயே படிச்சான், மடிச்சு சட்டைப்பையில வெச்சான், சிரிச்சுக்கிட்டே வேலைக்குப் போயிட்டான். சிரிப்பைப் பார்த்தா பாஸ் மாதிரி இருக்கு. ஆனா இவன் எல்லாத்துக்கும்தான் சிரிப்பான். கேட்டா, "அக்கா வந்து சொல்லும்"ங்கிறான்.

போன்ல கேக்கலாம்னு பார்த்தேன். போன்ல நீ என்னைக்கு உண்மை சொல்லியிருக்கே, எல்லாம் நல்லாருக்கும்மான்னு ஒரே பாட்டு. கடிதத்துலதான் நீ உள்ளதை உள்ளபடி எழுதறே. அதனால எனக்கும் ஒண்ணு தனியா எழுது. பாஸா, பெயிலா? எதுவா இருந்தாலும் வீட்டுக்கு வா, உன்னைப் பார்க்கணும் போல இருக்கு.

அம்மா

அக்டோபர் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீ அழுததைப் படித்துவிட்டு நானும் அழுதேன், கீழே மெஷின் ஓடியதால் யாருக்கும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

பாஸ் அம்மா. ரெண்டு பேரும்.

ரெண்டு பேர் என்றால் யார் என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேள்.

உன் மகள்